இடதுகைப் பெருவிரல்

பத்திரம் எழுதும் தொழிலுக்கு நான் வந்த முதல் மாதம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைக் கையில் கொடுத்து, "இதுல யாரு செத்துப்போயிருக்காங்க, சொல்லு பாக்கலாம்" என்றார். மூன்று முறை படித்தேன். நிலம் இருந்தது, செக்குபந்தி இருந்தது, கிரயத்தொகை இருந்தது, இரண்டு சாட்சிகள் இருந்தார்கள். சாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அவர் நகத்தை வைத்து ஓரிடத்தைக் காட்டினார். 'மைனர்களுக்கு கார்டியனும் தாயாருமான' என்று இருந்தது. "அப்பன் உசுரோட இருந்தா அம்மா எதுக்குக் கார்டியனா வர்றா?" என்றார்.

நாற்பது வருஷத்தில் எத்தனையோ குடும்பங்களின் பத்திரக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்துவிட்டேன். எந்தக் கட்டைப் பிரித்தாலும் முதலில் என் கண் தேடுவது அந்தத் தொடரைத்தான். ஒருவர் இறந்த தேதி இறப்புப் பதிவேட்டில் இருக்கும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தப் பதிவேட்டில் எந்த வருஷத்தை, எந்த மாதத்தைப் புரட்டுவது என்று நிலம்தான் சொல்லும். எங்கள் பூட்டன் எப்படிச் செத்தார் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த வழியில்தான்.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். பத்திரங்களின் முதல் வரியில் அது கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலூகா என்று இருக்கும். 1979க்குப் பிறகு பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். ஊர் ஓர் அடி நகரவில்லை. பாட்டன் பேரில் பத்திரம் தேடி வருகிறவர்கள் பாதிப்பேர் இந்த இடத்திலேயே வழி தவறிவிடுகிறார்கள், பாவம்.

பூட்டனைப் பற்றி வீட்டில் இருந்த கதை ஒன்றே ஒன்று. கிணற்றில் தூர் வாங்க இறங்கினார். ஏறி வந்த ராத்திரியே உடம்பு உதறியது. மூன்றாம் நாள் முடிந்துபோனார். கிணற்று முனி அடித்துவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கதைக்குத் தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுப் பெண்கள் கூலி கொடுத்தார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் காட்டுக்குப் பாய்ச்சினோம், மாட்டுக்குக் காட்டினோம். வாயில் மட்டும் வைக்கவில்லை. குடிக்கிற தண்ணீருக்கு இட்டேரி வழியாக ஊருக்குத் தெற்கே உள்ள கிணற்றுக்குப் போக வேண்டும். என் அத்தைகள், அம்மா எல்லாரும் அங்கிருந்துதான் குடம் குடமாகத் தூக்கி வந்தார்கள். சின்ன வயதில் நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். கிளுவை வேலியில் ஓணான் பார்ப்பது எனக்கு விளையாட்டு. அவர்களுக்கு இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று.

ஊர்ப் பத்திரமெல்லாம் படித்தவன் சொந்த வீட்டுத் தகரப்பெட்டியை முழுதாகத் திறந்தது அறுபது வயதுக்குப் பிறகுதான். அப்பா இருந்தவரை அவர் கையில் இருந்தது. பிறகு பரணில் கிடந்தது. திறந்தபோது வேப்பிலைச் சருகும் பழைய மையின் வாடையும் சேர்ந்து வந்தன. நாலு மடிப்பாக மடித்து, நூலால் கட்டி, ஒரு வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பழைய பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் மை போகும், தாள் மூச்சு முட்டிப் பழுக்கும், பின்பக்கம் உள்ளதை ஆராய வழியில்லாமல் போகும். பத்திரத்தின் உயிர் பாதி அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. மடிப்பை மெல்ல நீவிவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், போதும்.

கட்டில் ஆகப் பழையது 1915ஆம் வருஷத்து அடமானப் பத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். ராட்சச வருஷம், சித்திரை மாதம். பூட்டன் எழுதிக் கொடுத்தது. தகப்பனார் பேர், ஊர், 'ஜீவனம் விவசாயம்'. கிணற்றை ஆழப்படுத்தப் பாறை உடைக்கும் செலவுக்காகப் பணம் வாங்கியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கிணறு பாறையில் வெட்டிய கிணறு. சால் கட்டிக் கவலை இறைத்தால்தான் தோட்டம் பச்சையாகும். ஒரு ஜோடி காங்கேயம் காளை சரிவில் இறங்கி இறங்கி ஏறினால் ஒரு பாத்தி நனையும். அந்தக் கிணற்றில் எங்களுக்கு நாலில் ஒரு பங்கு; மற்ற மூன்றும் பங்காளிகளுடையவை. சொத்து விவரத்தில், 'மேல்நோக்கிய மரங்களும் கீழ்நோக்கிய கிணறும்' என்று வரும் தொடரை நானே ஆயிரம் முறை எழுதியிருப்பேன். நம்முடைய கிணறு என்று தெரிந்து அன்று படித்தபோது கை நின்றுவிட்டது.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் சார்பதிவாளரின் மேலெழுத்து: எத்தனை மணிக்குள் தாக்கல், எவ்வளவு கட்டணம், எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொண்டவர் யார், அவரை அடையாளம் காட்டியவர்கள் யார். அதற்குப் பக்கத்தில் ஒரு ரேகை. எழுதத் தெரியாதவர் பத்திரத்தின் முன்பக்கம் ஒரு கீறல் போடுவார். அது அனேகமாக எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கம் பதிவு அலுவலகத்தில் வைக்கும் இடதுகைப் பெருவிரல் அப்படியில்லை. அது அந்த ஆளேதான். எங்கள் பூட்டனுக்குப் படம் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்தவர் எவரும் இன்று இல்லை. அந்த ரேகை அகலமாக, மை சற்று அதிகமாகி ஓரம் கசிந்து இருந்தது. நடுவில் சுழி. என் இடதுகைப் பெருவிரலைத் தாளில் படாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் விரல் என்னுடையதைவிட அகலம். கவலை வடத்தைப் பிடித்த கை.

அதே பின்பக்கத்தில் கீழே வட்டி வரவுகள். அடமானம் வாங்கியவர் வட்டி பெறும்போதெல்லாம் தேதி போட்டு வரவு எழுதி, கொடுத்தவரின் கீறலையும் வாங்கியிருக்கிறார். கறாரான மனிதர், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். காளயுக்தி வருஷம் ஆவணியில் ஒரு வரவு, பூட்டன் கீறல். அடுத்த வரவு அதே வருஷம் தை மாதம். அங்கே, 'மேற்படியார் சம்சாரம் செலுத்திய வகையில்' என்று இருக்கிறது.

காளயுக்தி என்றால் 1918-19. ஆவணிக்கும் தைக்கும் நடுவே ஐந்து மாதம். இனிமேல்தான் இறப்புப் பதிவேட்டுக்குப் போக முடியும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் சட்டம் வந்தது. கிராமங்களில் அந்தப் பதிவேட்டை எழுதியவர் கிராம முன்சீப். 1980இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பதிவேடு பேர்வாரியாக இருக்காது, தேதிவாரியாகத்தான் ஓடும். வருஷம் தெரியாமல் போனால் நாள் முழுக்கப் புரட்டிவிட்டுத் தூசியோடு திரும்ப வேண்டியதுதான். மாதம் தெரிந்தால் அரை மணி நேர வேலை.

அரசு பதிவறை ஒன்றில் அந்தக் கட்டு இருந்தது. ஓரங்கள் உதிர்ந்திருந்தன. ஆவணி முடியும்வரை அந்தச் சின்ன ஊரில் மாதம் ஒரு சாவு, சில மாதம் அதுவும் இல்லை. அக்டோபர் பக்கத்தைத் திருப்பினேன். பதினோரு பேர். முன்சீப்பின் கையெழுத்து மேலே நிதானமாகத் தொடங்கி, கீழே போகப் போக அவசரமாகிச் சாய்ந்துவிடுகிறது. காரணம் எழுதும் கட்டத்தில் முதல் பேருக்கு நேரே 'ஜுரம்'. அடுத்ததில் 'ஜுரம்'. அப்புறம் அந்தச் சொல்லைக்கூட எழுதாமல் 'ஷ' என்று போட்டு, மேற்படி மேற்படி என்று இறங்குகிறார். பதினோரு பேரில் பெரும்பாலோர் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். கிழவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு, பாரம் இழுக்கிற வயதில் இருந்தவர்களைப் பொறுக்கியிருக்கிறது.

அந்தப் பதினொன்றில் முதல் பேர் எங்கள் பூட்டனுடையது. வயது முப்பத்திரண்டு.

1918ஆம் வருஷத்து விஷ ஜுரம் அது. ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டிய இன்புளுயன்சா, செப்டம்பருக்குப் பிறகு இரண்டாம் அலையாகத் திரும்பி வந்து நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1921ஆம் வருஷக் கணக்கெடுப்பு வந்தபோது, பத்தாண்டில் நாட்டின் ஜனத்தொகை கூடாமல் குறைந்திருந்தது. அதற்குப் பின் ஒருமுறையும் அப்படி நடந்ததில்லை. பதிவேடுகளில் காலராவுக்கும் அம்மைக்கும் பிளேக்குக்கும் தனித்தனி இடம் இருந்தது. இந்தப் புது நோய்க்கு இடம் இல்லை. ஆகவே எல்லாச் சாவும் 'ஜுரம்' என்ற ஒரே கட்டத்தில் போய் விழுந்தன. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. சண்டைக் கால விலைவாசி வேறு. செப்டம்பரில் சென்னைப் பட்டணத்தில் ஜனங்கள் அரிசிக் கடைகளைச் சூறையாடும் அளவுக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தபோது, வீட்டுக் கதையில் யாரும் கவனிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணுக்குக்கு அர்த்தம் வந்தது. 'கம்பு வாங்கத் திருப்பூருக்கு வண்டி ஓட்டிப் போய்வந்த அலுப்பு தீருமுன்னே கிணத்துல இறங்கிட்டாரு' என்று அத்தை சொல்வார். திருப்பூர், ரயில் நிற்கிற ஊர். மழையில்லாத வருஷத்தில் வெளியூர்த் தானியம் அங்கேதான் வந்து இறங்கும். தானியத்தோடு ஆட்களும் வந்திருப்பார்கள். அங்கே காய்ச்சலை வாங்கிக்கொண்டவருக்கு வீடு வந்து இரண்டொரு நாளில் உடம்பு உதறியிருக்கும். அன்றைக்கு என்று பார்த்து அவர் கிணற்றில் தூர் வாங்கியிருக்கிறார். மழையில்லாமல் தண்ணீர் அடியில் போய்விட்ட சமயம். தூர் வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. இது பத்திரத்தில் உள்ள வாசகம் அல்ல, என் ஊகம். இரண்டையும் கலக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

ஆனால் முனி எப்படி வந்தது என்பதை அந்தப் பக்கம் தெளிவாகவே காட்டுகிறது. அவர்தான் முதல் சாவு. அவர் இறந்த அன்று ஊரில் காய்ச்சல் என்ற பேச்சே இல்லை. திடமான ஆள் கிணற்றில் இறங்கினார், மூன்றாம் நாள் போய்விட்டார். கண்ணால் கண்டது கிணறு ஒன்றைத்தான். அடுத்த வாரம் செத்த பத்துப் பேருக்கும் காய்ச்சல் என்று பேர் கிடைத்துவிட்டது. முன்சீப் என்ன எழுதியிருந்தாலும், முதல் ஆளுக்கு ஊர் வாயில் அதற்குள் முனி என்று முடிவாகியிருந்தது.

இதோடு என் தேடல் முடிந்திருக்க வேண்டும். தேதி கிடைத்தது, காரணம் கிடைத்தது. கட்டில் இன்னும் பத்திரங்கள் இருந்தன.

1919, சித்தார்த்தி வருஷம். கிரயப் பத்திரம். 'மைனர்களுக்கு கார்டியனும் தாயாருமான' என்று தொடங்கிப் பூட்டியின் பேர். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் பத்து வயது, அவர்தான் எங்கள் அப்பாரு. நடுவில் ஒரு பெண். கடைசிப் பையனுக்கு ஐந்து. என் புருஷர் காலஞ்சென்று போனபடியாலும், அவர் வைத்துப்போன கடனைத் தீர்க்கவும், மைனர்களின் போஷணைக்காகவும் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு பாகத்தையும் கிணற்றில் இருந்த நாலில் ஒரு பங்கையும் ஒரு பங்காளிக்கே கிரயம் செய்கிறாள். அன்றைக்கு மைனர் சொத்தைத் தாய் விற்பதானால் குடும்ப அவசியத்தைக் காட்டியாக வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பிள்ளைகள் மேஜரானதும் வழக்குப் போட்டு உடைத்துவிட முடியும். அந்தப் பத்திரத்தை எழுதியவர் தொழில் தெரிந்தவர். கடைசியில் தன் பேரைப் போட்டிருக்கிறார். அந்த எழுத்தின் நேர்த்தியைக் கண்டு பொறாமைப்பட்டேன்.

நான் வியந்தது வேறொரு வரியைக் கண்டு. கிணற்றுப் பங்கை விற்கிற இடத்தில், 'மைனர்கள் குடும்பத்தின் குடிதண்ணீருக்கு மாத்திரம் மேற்படி கிணற்றில் மொண்டுகொள்ளும் பாத்தியதையை நிறுத்திக்கொண்டு' என்று இருக்கிறது. இது வழக்கமான வாசகம் இல்லை. எழுத்துக்காரர் தானாக எழுதக்கூடியதும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் கேட்டிருந்தால்தான் இப்படி ஒரு வரி விழும். புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், முப்பது வயதைத் தொடாதவள், கையெழுத்துப் போடத் தெரியாதவள், கடன்காரனும் பங்காளியும் பக்கத்தில் நிற்கும்போது, என் பிள்ளைகள் குடிக்கிற தண்ணியை விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். முனி அடித்த கிணறு என்று நம்பியவள் இதைக் கேட்பாளா?

பின்பக்கம் அவள் ரேகை. பூட்டனுடையதைவிடக் குறுகல். வரிகள் முழுசாக, வயலில் ஓட்டிய புது உழவுபோல, தெளிவாக இருக்கின்றன.

1923இல் மாடு வாங்க ஓர் அடமானம். மறுபடி கார்டியனும் தாயாரும், மறுபடி ரேகை. வரிகள் தேய ஆரம்பித்திருக்கின்றன. 1926, அட்சய வருஷம், மகள் கல்யாணத்துக்காக ஓர் அடமானம். இந்த மூன்றாவது ரேகையில் வரிகளுக்குக் குறுக்கே, நகத்தடியிலிருந்து சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு. முதலில் தாள் கிழிசல் என்று நினைத்தேன். பூதக்கண்ணாடி வைத்தபோது தாள் முழுசாக இருந்தது. தழும்பு. தழும்பில் மை ஒட்டாது, வெள்ளையாக விழும். கதிர் அறுக்கும்போது அருவாள் வலக்கையில் இருக்கும், தட்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது இடக்கை. அருவாள் சறுக்கினால் வெட்டு விழுவது இந்த விரலில்தான். 1923க்கும் 1926க்கும் நடுவே ஏதோ ஓர் அறுப்பில் அவள் பெருவிரலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். ஆழமான வெட்டு. ஏழு வருஷத்துக் கதையை அந்த மூன்று ரேகைகளையும் வரிசையாக வைத்துப் படித்துவிடலாம். பூட்டனைத் தேடிப் போனவன் நான். அன்று ராத்திரி முழுக்க இந்த மூன்றையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1931இல் கிணற்றுப் பங்கையும் கொறங்காட்டையும் அப்பாரு திரும்ப வாங்கிவிட்டார். விலைவாசி சரிந்து எல்லாருக்கும் ரொக்கத்துக்கு முட்டுப்பாடான காலம். வாங்கிய பங்காளி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். முன்மூலமாக 1919ஆம் வருஷத்துப் பத்திரமும் கைமாறி வந்தது. அது எங்கள் பெட்டியில் இருப்பது அதனால்தான். அந்த 1931ஆம் வருஷத்துப் பத்திரத்தில் அப்பாரு தனக்காகவும், மேஜராகாத தம்பிக்காகவும் குடும்ப மேனேஜராகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பூட்டியின் பேர் எங்கும் இல்லை. இத்தனை வருஷம் குடும்பச் சொத்தைக் கட்டிக் காத்தவள், பிள்ளை மேஜரானதும் காகிதத்தைவிட்டு இறங்கிவிட்டாள். சட்டம் அப்படி. கூட்டுக்குடும்பத்தில் விதவைக்குப் பங்கு என்று 1937இல் ஒரு சட்டம் வந்தது. முதலில் அது விவசாய நிலத்துக்குச் செல்லவும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்கு முன்பே, 1934இல், பாகப்பிரிவினை முடிந்துவிட்டது.

அந்தப் பாகப்பிரிவினையில் அவள் கடைசியாக ஒருமுறை வருகிறாள். வருஷத்துக்கு இத்தனை வள்ளம் கம்பு, இரண்டு புடவை, ஒரு பால் மாடு, குடியிருக்க வடபுறத்து ஆசாரம். அதற்கடுத்த வரி: 'தாயாரின் அந்தியக் கிரியைச் செலவை நம்மில் இருவரும் சரிபாதியாய்ச் செய்துகொள்ள வேண்டியது.' இந்த வரியை நானும் பல குடும்பங்களுக்கு எழுதியிருக்கிறேன். தாயார் பெரும்பாலும் அதே அறையில், சுவரோரம் உட்கார்ந்திருப்பார். எழுதியதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டியது எழுத்தரின் கடமை. அந்த வரி வரும்போது என் குரல் தானாகத் தாழும். எங்கள் பூட்டியும் அன்றைக்கு அதைக் கேட்டபடி அங்கே உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் இருந்தாள்.

போன ஆடியில் இந்தக் கட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். பூட்டியைப் பார்த்தவர்களில் எஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். ரேகைகளைக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "ஆமா, பெரியாத்தாளுக்கு இந்தக் கட்டைவெரலு கோணியிருக்கும். எங்களுக்குத் தலை சீவி உடறப்ப உறுத்தும்" என்றார்.

"அந்தக் கெணத்துக்கு அவங்க போவாங்களா அத்தை?"

"எங்க போனா? எட்டிக்கூடப் பாக்கமாட்டா. அந்தப் பக்கம் போறப்ப முக்காட்ட இழுத்து உட்டுக்குவா. அதப் பாத்துத்தான எங்களுக்கெல்லாம் பயமே."

எனக்கு அப்போதுதான் மீதியும் விளங்கியது. குடிதண்ணீர்ப் பாத்தியதையைக் கேட்டு வாங்கி வைத்தது பிள்ளைகளுக்காக. அவளால்தான் அந்தக் கிணற்றைப் பார்க்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துக்கொண்டது துக்கத்தில். பிள்ளைகள் அதைப் பயம் என்று படித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே இருந்த முனிக் கதையோடு அது போய்ச் சேர்ந்துகொண்டது.

அத்தையிடம் பதிவேட்டு நகலைப் படித்துக் காட்டினேன். பதினோரு பேரையும், மேற்படி மேற்படி என்று இறங்குவதையும் சொன்னேன். "முனி இல்லீங்க அத்தை. காச்சலுங்க. ஊரு பூராவும் வந்த காச்சல்" என்றேன். 1919ஆம் வருஷத்துப் பத்திரத்தின் அந்த வரியையும் இரண்டு தரம் படித்தேன்.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் அதன் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப அந்தத் தண்ணிய நாங்க குடிச்சிருக்கலாமா, சாமி?"